கழுதை தின்ற கப்பற்பாய்

இயேசு மரி சூசை

பேசாலை,
20 ஆனி 2024

பேரன்புள்ள றஞ்சிதம் அக்காவுக்கு,

தம்பி அருளப்பு பணிவோடு எழுதிக்கொள்வது. திருச்சியில் நீங்களும் அத்தானும் பிள்ளைகளும் சுகமென்று நம்புகிறேன். இங்கே நானும் சுகம், உங்கள் மச்சாள் புஸ்பமும் சுகம், சோளகக் காற்றும் வஞ்சகமில்லாமல் அடிக்கிறது. தொலைபேசி இருக்க இவன் ஏன் தாளில் எழுதுகிறான் என்று யோசிப்பீர்கள். அந்தத் தொலைபேசி புஸ்பத்தின் கையில்தான் இருக்கிறது, அக்கா. எனக்கு வருவதையும் என்னிடமிருந்து போவதையும் அவள் வாசித்த பிறகுதான் நான் வாசிக்கலாம். இந்தக் கடிதமோ அவள் கண்ணில் படவே கூடாதது. காரணம் பிறகு வரும். முதலில் சந்தோசமான செய்தி.

உங்கள் தம்பி கப்பல் கட்டி முடித்துவிட்டான்.

சிரிக்காதீர்கள். போன வருசம் புஸ்பத்துக்கு நெஞ்சைத் திறந்து சத்திரசிகிச்சை செய்தபோது, ஆஸ்பத்திரி விறாந்தையில் நின்றுகொண்டு, இவளை எழுப்பித் தந்தால் பாய் விரித்த கப்பல் ஒன்று தருவேன் என்று அந்தோனியாருக்கு நேர்ந்துவிட்டேன். நேர்த்திக் கப்பலைச் சிற்றாலயத்தில் தொங்கவிடுவது கடலுக்குப் போகிறவர்களின் வழக்கம். நான் முப்பத்தொரு வருசம் மின்கம்பத்தில் ஏறி இறங்கியவன். கடலில் கால் நனைத்ததே கொஞ்சம். ஒரு கட்டு மெழுகுதிரி நேர்ந்திருக்கலாம், ஆனால் வாயில் வந்தது கப்பல். அவளும் எழும்பிவிட்டாள். அதற்குப் பிறகு அந்தோனியாரிடம் பேரம் பேச முடியுமா?

பிரான்சிலிருக்கும் மகன் ரொபின்சன் மூன்று பாய்மரக் கப்பலொன்றைத் துண்டு துண்டாகப் பெட்டியில் போட்டு அனுப்பினான். நீளம் என் கை அளவு. உடம்பை ஒட்டுவது பெரிய காரியமில்லை, கயிறு கட்டுவதில்தான் விசயம் இருக்கிறது. மரங்களை இழுத்துப் பிடிக்கும் கயிறு, பாயைத் தூக்கும் கயிறு, திருப்பும் கயிறு என்று இருநூறுக்கும் மேல். பாதியாவது மைசூர்ப் பருப்பளவு கப்பிகளுக்குள்ளால் போய் வர வேண்டும். கோவிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுதிரித் துண்டுகளைப் பாதரிடம் கேட்டு வாங்கி நூலுக்குப் பூசி, புஸ்பத்தின் சாமணத்தால் நுனியைப் பிடித்து, கம்பமும் கம்பியும் எனக்கு ஒருவர் சொல்லித்தர வேண்டுமா என்ற எண்ணத்தில் மின்கம்பி இழுப்பதுபோலவே இழுத்துக் கட்டினேன். விரலால் தட்டினால் ‘டிங்’ என்றது. மூன்றாம் நாள் பார்த்தால் முன்மரம் கும்பிடு போட்டுக்கொண்டு நிற்கிறது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ‘டக்’ என்று முறிந்தது. பக்கத்து வீட்டு அலெக்ஸாண்டர் கடற்றொழில் செய்பவன், வேலியால் எட்டிப் பார்த்தான். “அண்ணை, இது லைற் போஸ்ட் இல்லை. மரம் காத்துக்குக் கொஞ்சம் அசைய வேணும். இளக்கி விடுங்கோ” என்றான். “நானும் அதைத்தான் யோசிச்சனான்” என்றேன். பூவரசங் கம்பு சீவிப் புது மரம் வைத்து, அத்தனை கயிற்றையும் அவிழ்த்துத் திரும்பக் கட்டினேன். மாலுமிகள் ஏறும் கயிற்றேணிகளில் மட்டும் அறுநூற்று நாற்பது முடிச்சு, அக்கா. ஒன்றுவிடாமல் இந்தக் கையால் போட்டவை.

பிறகு பாய். பெட்டியோடு வந்த துணி துவண்டு கிடந்தது. காற்றுப் பிடித்த மாதிரி வயிறு தள்ளி நிற்க வேண்டுமென்றால் கஞ்சி போட வேண்டும். போட்டேன். பதினாறு பாய்களையும் முற்றத்துக் கயிற்றில் வரிசையாகக் காயவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனேன். எங்கள் மன்னார்க் கழுதைகளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். திரும்பி வந்தால் முற்றத்தில் ஒரு கழுதை, அதன் வாயில் கடைசிப் பாய், மற்றப் பதினைந்தும் வயிற்றில். நான் போட்ட சத்தத்துக்குப் புஸ்பம் குசினியிலிருந்து வந்தாள்.

“கஞ்சிக்கு உப்புப் போட்டனீங்களோ?” என்று கேட்டாள்.

“ஓம், பழக்கதோசத்தில போட்டிட்டன்” என்றேன்.

“அப்ப அது விடுமே?” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்தோனியார் திருநாளுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. தலையணை உறையை வெட்டிப் பார்த்தேன். தடிப்பு, கப்பலுக்குக் கம்பளி போர்த்தியதுபோல் இருந்தது. இன்னொரு மெல்லிய உறை தேடி அலுமாரியைத் திறந்தேன். இனி மனதைத் திடப்படுத்திக்கொண்டு வாசியுங்கள். சத்திரசிகிச்சைக்கு முன் புஸ்பம் உங்களிடம் சொல்லி ஒரு வெள்ளைச் சேலை எடுப்பித்தாளே, செத்தால் தனக்கு உடுத்திவிட வேண்டுமென்று? நம்முடைய பெண்கள் ஒன்று எடுத்து வைப்பதுதானே. அந்தச் சேலைப் பெட்டி கண்ணுக்கு முன்னால் இருந்தது. திறந்து தொட்டுப் பார்த்தேன். அக்கா, அது பாய்க்கென்றே நெய்த துணி! ஓரத்தில் ஒரு முழம் வெட்டினால் யாருக்குத் தெரியும் என்று வெட்டினேன். முதற்பாய் தலைகீழாய்ப் போனது. இரண்டாவது சுருங்கியது. மூன்றாவதைத் தைக்கும்போது நான் உடுத்தியிருந்த சாரத்தோடு சேர்த்துத் தைத்துவிட்டேன். பதினாறும் சரிவந்தபோது மூக்குக் கண்ணாடி துடைக்கும் அளவுக்குத்தான் சேலை மிஞ்சியிருந்தது. பெட்டிக்குள் என் பழைய நீலக் கட்டச் சாரத்தை மடித்து வைத்து, மிஞ்சிய துண்டால் மூடி, இருந்த இடத்தில் வைத்துவிட்டேன்.

இந்தமுறை பாய்களைக் கவிழ்த்த பானைகளின் மேல் போர்த்தி வயிறு பிடிக்க வைத்து, உப்பில்லாத கஞ்சி போட்டு, காயும்வரை கதிரையில் தடியோடு காவலிருந்தேன். கப்பலில் ஏற்றியபோது அப்படியே காற்றுக் குடித்து நின்றன. மரங்களின் உச்சியில் கொடிகளையும் பின்பக்கம் பறக்கிற மாதிரிக் கம்பி வைத்துக் கட்டினேன். அலெக்ஸாண்டர் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

“அண்ணை, பாய்க்குக் காத்துப் பின்னால வருது, கொடிக்கு முன்னால வருது. இது எந்தக் கடல்?”

“உன்ர போட்டில கொடி பின்னுக்குத்தானே பறக்குது?” என்று நானும் விடவில்லை.

“அது எஞ்சின் அண்ணை, காத்தை வெட்டிக்கொண்டு போகும். இதைக் காத்தெல்லோ தள்ளுது?”

அவன் போன பிறகு முற்றத்தில் சோளகத்துக்கு முதுகைக் காட்டி, சட்டைப்பையிலிருந்த லேஞ்சியை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தேன். லேஞ்சி எனக்கு முன்னால்தான் பறந்தது. உடனே மூன்று கொடிகளையும் முன்பக்கம் திருப்பினேன். பெட்டியின் மேலிருந்த படத்தில்கூடக் கொடி பிழையாகத்தான் இருக்கிறது. படம் கீறியவனுக்கும் தெரியாததை உங்கள் தம்பி திருத்தியிருக்கிறான்.

திருநாளன்று பூசை முடிந்து பாதர் தீர்த்தம் தெளித்தார். கப்பலின் முன்பக்கம் பீடத்தைப் பார்க்க, கரைக்கு வந்து சேரும் கப்பலாகத் தொங்கவிட்டோம். தொங்குகிற கம்பி என் கட்டு; கூரை விழுந்தாலும் அது அவிழாது. கடற்றொழிலாளர் எல்லாரும் அண்ணாந்து நின்றார்கள், ஒருவரும் ஒரு பிழை சொல்லவில்லை. புஸ்பம் யாருடைய கையையும் பிடிக்காமல் வீட்டிலிருந்து நடந்தே வந்தாள். பாய்களை நெடுநேரம் பார்த்துவிட்டு, “நல்ல துணி” என்றாள். எனக்கு வியர்த்துவிட்டது. ஆனாலும் மேலே கப்பலையும் அதற்குக் கீழே முழந்தாளில் நின்ற அவளையும் ஒன்றாகப் பார்த்தபோது அழுதுவிட்டேன், அக்கா. பெருமையில்தான் அழுதேன். என் வாழ்நாளில் ஊருக்கே வெளிச்சம் கொடுத்திருக்கிறேன். அன்றைக்குப் பட்ட பெருமை அப்போது பட்டதில்லை.

இனிக் காரியம். அலுமாரியை ஒதுக்கி உடுப்பெல்லாம் வெயிலில் போடப்போவதாகப் புஸ்பம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். அதற்கு முன் அதே கடையில் அதே வெள்ளைச் சேலை ஒன்று எடுத்து, ஊருக்கு வருகிற யாரிடமாவது அலெக்ஸாண்டரின் விலாசத்துக்குக் கொடுத்துவிடுங்கள். சாவுச் சேலையை வெட்டினேன் என்று தெரிந்தால், அவளுக்கு நல்லபடி இருக்கும் நெஞ்சு திரும்பவும் நோகும். அதற்கு நான் பயப்படுகிறேன். கிளினிக்குக்குப் போகும்போது தபாலில் போடச் சொல்லி இதை அவளிடம்தான் கொடுக்கிறேன். உள்ளே திருநாள் செய்தி என்று சொல்லியிருக்கிறேன், உறையும் நன்றாக ஒட்டியிருக்கிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தங்கள். அந்தோனியார் உங்கள் வீட்டுக் கூரைக்கும் காவலாக நிற்கட்டும்.

இப்படிக்கு,
கப்பல் கட்டிய தம்பி,
அருளப்பு

பி.கு.: மச்சாள், இது புஸ்பம். உறையைப் பாய்க்குப் போட்ட கஞ்சியால் ஒட்டியிருக்கிறார். பஸ்ஸில் அதால் விசிறிக்கொண்டு வர அது திறந்துவிட்டது. கிளினிக்கில் வரிசை நீளம், முழுவதையும் வாசித்தேன். இடப்பக்க ஏணிகளின் முடிச்செல்லாம் நான் போட்டவை. அவர் போட்டவை இளகித் தொங்கின. மத்தியானம் அவர் நித்திரை கொள்ள, நான் அவிழ்த்துக் கட்டினேன். கழுதை மட்டும்தான் தானாக வந்தது. சேலைப் பெட்டி மேல்தட்டில் கடைசி மூலையில் இருந்தது, மச்சாள். இனிப் பயமில்லை என்று டொக்டர் சொன்ன பிறகும் அலுமாரியைத் திறக்கும்போதெல்லாம் அது என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. எறியவும் மனமில்லை, ஒருவருக்குக் கொடுக்கவும் கூடாது. இவர் துணி தேடித் திரிந்த அன்று அதை முன்னால் எடுத்து வைத்து, மேலே கத்தரிக்கோலையும் வைத்தேன். கத்தரிக்கோலைப் பற்றி அவர் எழுதவில்லை. எனக்குத் தெரியுமென்று சொல்லிவிடாதீர்கள். இவ்வளவு பெருமையாக அவரை நான் பார்த்து நெடுநாளாகிறது. சேலை கட்டாயம் அனுப்புங்கள். வெள்ளை வேண்டாம். நிறம் உங்கள் விருப்பம், கப்பற்பாய்க்கு உதவாத நிறமாக இருந்தால் போதும்.