காவலரணில் ழானா

“மேப்பிள்!” என்று காவலரணில் நின்ற சிப்பாய் அதட்டினான்.

“சிரப்!” என்று பனிமூட்டத்துக்குள் இருந்து பதில் வந்தது.

சிப்பாய் வழிவிட்டான். வந்த நான்கு பேரும் அவனுக்குக் காலை வணக்கம் சொன்னார்கள். நேரே கட்டளைக் கூடாரத்துக்குப் போய், வாசலில் நட்டிருந்த நீலக் கொடியைப் பிடுங்கினார்கள். திரும்பும்போதும் மறக்காமல் அவனுக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் எதிரிகள் என்பது கொடி போன பிறகுதான் தெரிந்தது.

அந்த முகாமின் பொறுப்பாளரான செகண்ட் லெப்டினன்ட் வாகீசன் அப்போது பல் தீட்டிக்கொண்டிருந்தான்.

“கடவுச்சொல்லை யார் வைத்தது?” என்று கப்டன் ஹென்டர்சன் கேட்டார். இரண்டு அணிகள் காட்டுக்குள் மோதிப் பழகும் அந்தப் பயிற்சிக்கு அவர்தான் நடுவர்.

“நான்தான், சேர்.”

“மேப்பிள் என்றால் சிரப். இதைக் கண்டுபிடிக்க முடியாத ஒருவர் கனடாவில் இருந்தால் காட்டு பார்க்கலாம்.”

வாகீசன் வாயில் இருந்த பற்பசையை விழுங்கினான்.

“இந்த ஒரு தடவை கொடியைத் திருப்பித் தரச் சொல்லியிருக்கிறேன். பின்னேரம் நான்கு மணிக்கு அது இதே இடத்தில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வாரம் நீ புதிதாகச் சேர்ந்தவர்களோடு வரிசையில் நின்று இடக்கால், வலக்கால் பழகுவாய்.”

கனடாவில் கட்டாய இராணுவ சேவை கிடையாது. ஆனால் வாகீசனின் தாய் சந்திரவதனாவிடம் அதை ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. மத்தியானத்தில்தான் போர்வைக்குள் இருந்து ஒரு காலை வெளியே நீட்டும் மகனோடு மார்க்கம் நகரில் அல்லாடிக்கொண்டிருந்தவர் அவர். ஒரு தெருவிழாவில் படையினர் போட்டிருந்த கூடாரத்துக்கு முன்னால் தற்செயலாக நின்றார். “எங்களிடம் விட்டால் விடிய ஐந்து மணிக்கு எழுப்புவோம்” என்று ஒரு சிப்பாய் சிரித்துக்கொண்டு சொன்னான்.

“எங்க கையெழுத்து வைக்கோணும்?” என்று கேட்டார் சந்திரவதனா.

கையெழுத்தை வைத்தது மகன்தான். ஆனால் பேனையைப் பிடித்திருந்த கையை இன்னொரு கை பிடித்திருந்தது. வார இறுதிகளில் கூடும் அந்தப் படைக்குப் பெயர் தொண்டர் படை. அதில் பிடித்துக் கொடுக்கப்பட்ட ஒரே தொண்டன் வாகீசன்.

வேடிக்கை என்னவென்றால், போன இடம் அவனுக்குப் பிடித்துப்போயிற்று. இவன் என்ன சொல்லப்போகிறான் என்று முப்பது பேர் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பது அவனுடைய இருபத்திரண்டு வருட வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. வீட்டில் பூனைகூட அவனை மதித்ததில்லை. இந்தப் பதவி போய்விடுமோ என்று அவனுக்குப் பயம் பிடித்தது.

அந்தப் பயத்துக்குள் இருந்துதான் புது யோசனை வந்தது.

“தமிழில வைப்பம்,” என்றான். “‘ழ’ வாற சொல்லா. வாழைப்பழம்! வெள்ளைக்காரன் தலைகீழா நிண்டாலும் சொல்லமாட்டான்.”

கேட்டுக்கொண்டிருந்தவள் கோப்ரல் சஜிதா. மட்டக்களப்புத் தாய் தகப்பனுக்கு ஸ்காபரோவில் பிறந்தவள். அந்த அணியில் அவனை விட்டால் தமிழ் தெரிந்த ஒரே ஆள்.

“எங்கட ஆக்களும் வெள்ளைக்காரர்தானே, சேர்?”

நல்ல கேள்வி. நல்ல கேள்விகளுக்குக் காலம் தாழ்த்திப் பதில் சொல்வது வாகீசனின் வழக்கம். முதலில் அவன் ஒரு பேனையை எடுத்து, எல்லோருடைய உள்ளங்கையிலும் அந்தச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதினான். ‘ழ’ வரும் இடத்தில், உலகத் தமிழர் எல்லோரும் போடுவதுபோலவே, ‘இஸட்’டும் ‘எச்’சும் போட்டான். சஜிதாவைக் காவலரணில் நிறுத்தி, “பிழையாச் சொல்லுறவனை உள்ள விடாத” என்று கட்டளையும் போட்டான்.

மழை தொடங்கிய நேரம் பார்த்து, சொல்லை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டு வேவு பார்க்கப் போயிருந்த சார்ஜன்ட் டெஸ்மண்டும் ஆறு பேரும் திரும்பி வந்தார்கள்.

“வாஸ்ஹைப்பஸ்ஹம்!” என்றார் டெஸ்மண்ட், உள்ளங்கையைப் பார்த்து.

“பிழை. அங்கேயே நில்லுங்கள்,” என்றாள் சஜிதா.

“கோப்ரல், நேற்று உனக்குக் கோப்பி ஊற்றித் தந்தவன் நான்!”

“தெரியும், சார்ஜன்ட். கட்டளை.”

ஏழு பேரும் மழைக்குள் நின்று, ஆளுக்கொரு விதமாக வாழைப்பழத்தை மென்று துப்பினார்கள். அந்த நேரம் பார்த்துச் சூடான சூப்போடு சாப்பாட்டு வண்டி வந்தது. சாரதியின் கையில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. “பனானாவா?” என்று கேட்டுப் பார்த்தான். சரிவரவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு எதிரியின் முகாமுக்குப் போய், நடந்ததைச் சொல்லிச் சிரித்து, இரண்டு பங்குச் சூப்பையும் அங்கேயே ஊற்றிவிட்டுப் போனான்.

முகாமுக்குள் இருந்தவர்கள் வாகீசனைப் பார்த்த பார்வை நல்ல பார்வையாக இல்லை.

“பயப்படாதீர்கள், நானே சொல்லித் தருகிறேன்,” என்று அவர்கள் முன்னால் ஒரு பெட்டியில் ஏறி நின்றான். தொண்டையைச் செருமினான். “வாளைப்பளம்!”

பக்கத்தில் சஜிதா மெல்ல இருமினாள். “சேர்... அது ளானா.”

“என்ன ளானா?”

“நீங்கள் சொன்னது. அது வாளை மீன்ட வாளை.”

“அப்ப நீ சொல்லு பாப்பம்.”

“வாளைப்பளம்.”

“உதுவும் ளானாதானே!”

“ஓம் சேர். கேக்க விளங்குது. சொல்ல வராது.”

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் அந்த எழுத்தில் நான்கு தரம் பெயில் விட்டவன் தான் என்பது அப்போதுதான் வாகீசனுக்கு ஞாபகம் வந்தது. வகுப்பு ஆசிரியை வேறு யாருமில்லை, சந்திரவதனாதான். இனி அவர்தான் கதி.

பயிற்சியில் ஃபோன் பாவிக்கக் கூடாது. ஆகவே பிளாஸ்டிக் கழிப்பறைக்குள் புகுந்து கதவைப் பூட்டிக்கொண்டு, இரகசியக் குரலில் தாயை அழைத்தான்.

“அம்மா, வாளைப்பளம்...”

“என்னடா?”

“வாளைப்பளம், அம்மா. வொயிஸ் மெசேஜ்ல சொல்லி அனுப்...”

“பசிக்குதோ ராசா? சாப்பாடு தரேல்லையோ?”

“எனக்கில்லை, மற்ற ஆக்கள்தான் சாப்பிடாமல் மழைக்குள்ள நிக்கினம், அது வேற கதை...”

“ஐயோ கடவுளே!” என்றது ஃபோன். அதோடு தொடர்பு அறுந்தது.

மெசேஜ் வரும் வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. வெளியே வந்தால் டெஸ்மண்டும் ஆட்களும் வாசலில் இல்லை. சூப் மணம் வந்த பக்கமாக நடந்து போனதாகச் சஜிதா சொன்னாள்.

“நான் போய்க் கூட்டிக்கொண்டு வாறன்,” என்றான். “நீ கவனமா நில். ‘ழ’வை அச்சொட்டாச் சொல்லுறவனை மட்டும் உள்ள விடு. ஆர் வந்தாலும் சரி.”

“சேர், அதில ஒரு சிக்கல்...”

“யோசிக்காத, கோப்ரல். யோசிக்கிறது என்ர வேலை.”

பைன் மரங்களுக்கு நடுவே அந்த வேலையைச் செய்துகொண்டே நடந்தவனுக்கு வடக்கும் தெரியவில்லை, தெற்கும் தெரியவில்லை. கடைசியில் ஒரு கிரவல் பாதையைக் கண்டுபிடித்தான். பாதையில் எதிரியின் சோதனைச் சாவடி. சாவடிக்கு முன்னால் ஒரு சாம்பல் நிற வான். அந்த வானை எங்கேயோ கண்டதுபோல இருந்தது. நன்றாகவே கண்டிருக்கிறான், அதன் பின்கதவை நெளித்தது அவன்தான்.

பற்றைக்குப் பின்னால் பதுங்கிப் பார்த்தான். தன் ஃபோன் எங்கே நிற்கிறது என்று பார்க்கும் வசதி தாயின் ஃபோனில் உண்டு என்பதை அவன் மறந்தே போயிருந்தான். குடையோடு நின்றார் சந்திரவதனா. அவரைச் சுற்றி எதிரிகள் ஆளுக்கொரு வாழைப்பழத்தை உரித்துக்கொண்டிருந்தார்கள். எதிரி அணியின் சார்ஜன்ட் மக்நீல், சிவந்த மீசையும் ஆறடி உயரமுமாக, பாலர் வகுப்புப் பிள்ளைபோலக் கைகட்டி நின்றான்.

“மகன் இந்தச் சொல்லைத்தான் கேட்டாரா, மேடம்?” என்றான் மக்நீல், மிக மரியாதையாக.

“ஓம், ஓம். வடிவாச் சொல்லோணும்,” என்றார் சந்திரவதனா பாதி ஆங்கிலத்தில். “நாக்கை மடிச்சு உள்ளுக்குக் கொண்டுபோங்கோ. ஒரு இடமும் முட்டக் கூடாது. வாழைப்பழம்.”

“வாழைப்பழம்,” என்றான் மக்நீல்.

பட்டுப்போல வந்தது அந்த எழுத்து. சந்திரவதனா குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கை தட்டினார். கண் கலங்கிவிட்டது.

“என்ர வகுப்பில ஒரு பிள்ளையும் உப்பிடிச் சொன்னதில்லையப்பா! நான் பெத்தது ஒண்டு இருக்கு, அது செத்தாலும் சொல்லாது. மிச்சப் பழத்தை அவனுக்குக் குடுத்துவிடுங்கோ.”

“கட்டாயம் கொண்டுபோய்க் கொடுக்கிறேன், மேடம்,” என்றான் மக்நீல். அவன் சிரித்த சிரிப்பிலேயே, கடவுச்சொல் எதிரியின் வாய்க்குப் போய்விட்டது என்று வாகீசனுக்கு விளங்கிவிட்டது.

வாகீசன் தன் முகாமை நோக்கி ஓடினான். ஓடி, அதே பற்றைக்கே திரும்பி வந்தான். வானும் இல்லை, எதிரியும் இல்லை. மறுபடி ஓடினான். முட்செடி கிழித்தது, சேற்றில் ஒரு சப்பாத்து போயிற்று. ஓடும்போதே, புதிதாகச் சேர்ந்தவர்களோடு இடக்கால், வலக்கால் வைத்து நடக்கும் தன்னை நினைத்துப் பார்த்தான். அழுகை வந்தது. ஒற்றைச் சப்பாத்தோடு காவலரணுக்கு வந்து சேர்ந்தபோது நான்கு மணி ஆகிக்கொண்டிருந்தது.

“வாளைப்பளம்!” என்று மூச்சு வாங்கக் கத்தினான்.

“வாங்கோ சேர்,” என்று சஜிதா உடனே வழிவிட்டாள்.

ளானாவுக்கே வழிவிட்டுவிட்டாள்! அப்படியென்றால் இவள் யாரைத்தான் உள்ளே விடவில்லை?

உள்ளே அவன் பயந்ததுதான் நடந்திருந்தது. கொடிக் கம்பத்தைச் சுற்றி மக்நீலும் ஆட்களும் சப்பாணி கட்டி உட்கார்ந்திருந்தார்கள். சூப் குடிக்கப் போய்த் திரும்பியிருந்த டெஸ்மண்டும் மற்றவர்களும் அவர்களுக்குப் பக்கத்தில் நின்று வாழைப்பழம் தின்றார்கள். கப்டன் ஹென்டர்சன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாகீசன் தலைக்கவசத்தைக் கழற்றினான்.

“பிழை என்னுடையதுதான், சேர். கொடி அவர்களுக்கே. என் ஆட்களைத் தண்டிக்க வேண்டாம்.”

“எந்தக் கொடி?” என்றார் கப்டன். “அது நட்ட இடத்தில்தானே நிற்கிறது. நீதான் எங்கேயோ போயிருந்தாய்.”

“அப்படியென்றால்... இவர்கள்?”

“உன் கைதிகள். வாசலிலேயே பிடிபட்டார்கள், ஒருவர்கூடத் தப்பவில்லை. வாழ்த்துகள், லெப்டினன்ட்.”

வாகீசன் கொடியைப் பார்த்தான், கைதிகளைப் பார்த்தான், தன் ஒற்றைச் சப்பாத்தைப் பார்த்தான். ஒன்றும் பிடிபடவில்லை.

“இது அநியாயம்!” என்று மக்நீல் தரையில் இருந்தபடியே கத்தினான். “நான் திருத்தமாகச் சொன்னேன். வாழைப்பழம்! டீச்சரே கை தட்டினார்!”

எல்லோரும் திரும்பி வாசலைப் பார்த்தார்கள். வாகீசன் மெல்ல அங்கே நின்ற சஜிதாவுக்குக் கிட்டப் போனான்.

“சஜிதா, அவன் சரியாத்தானே சொன்னவன்?”

“ஓம் சேர், அச்சொட்டாச் சொன்னவன்,” என்றாள் சஜிதா. “விடியத்தில இருந்து எங்கட ஆக்கள் ஒருத்தருக்கும், உங்களுக்கும் சேத்து, உந்த ‘ழ’ வரேல்லை. சரியாச் சொல்லுறவன் எப்பிடி சேர் எங்கட ஆளா இருப்பான்?”