காலி நிலத்தைக் காலி செய்த வரலாறு

மனித குலத்தின் விஞ்ஞான வரலாற்றை யாராவது பொன்னெழுத்துகளில் பொறிக்க முன்வந்தால், முதல் பக்கத்தை ஹமாதா ஸர்க்கா ஏவுகணைச் சோதனைத் தளத்துக்கு ஒதுக்கிவிடுவதே நியாயம். அல்ஜீரியாவின் தென்மேற்கில், கல்லும் வெயிலும் மட்டுமே அமோகமாக விளைகிற பாலைவனத்தில், பிரெஞ்சுக்காரர்கள் அதை நிறுவி ஐந்தே ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அதற்குள் நாற்பத்தேழு ராக்கெட்டுகளை ஏவிவிட்டார்கள். நாற்பத்தேழும் வானம் பிடிக்காமல் பூமிக்கே திரும்பின. இருந்தும் தளத்தின் பேரேட்டில் 'உயிர்ச்சேதம்: பூஜ்யம்' என்ற பொன்வரி நாற்பத்தேழு தடவை இடம்பெற்றது.

இவ்வளவு பெரிய சாதனை எப்படிச் சாத்தியமாயிற்று என்று கேட்பீர்கள். மிக எளிது. ராக்கெட் விழுகிற இடத்தில் யாருமே இல்லை. யாருமே இல்லை என்பது வரைபடத்தைப் பார்த்தால் தெரியும். வரைபடம் பாரிஸில் அச்சானது. பாரிஸிலிருந்து பார்த்தவர்களின் கண்ணுக்கு அங்கே ஒருவரும் தட்டுப்படவில்லை.

அந்த யாருமில்லாத இடத்திலிருந்து ஆட்களை வெளியேற்றும் பொறுப்பு ஃபராஜியிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது.

ஃபராஜி உள்ளூர்க்காரன். தளத்தில் அவனுக்குப் பதவி 'காற்று நோக்கர், இரண்டாம் நிலை'. காற்றை அவன் ஒருநாளும் நோக்கியதில்லை. ஒவ்வொரு ஏவுதலுக்கும் நாலு நாள் முன்னதாக தம்லாலத் கிணற்றடிக்குப் போய், அங்கே கூடாரம் போட்டிருக்கும் பூ ரஹ்லா கூட்டத்தாரை ஆடு, ஒட்டகம், அண்டா, குண்டான் சகிதமாக நகர்த்த வேண்டும். ராக்கெட் விழுந்ததும் திரும்பக் கூட்டிவந்து விட வேண்டும். இதுதான் வேலை. அந்தக் கூட்டத்தில்தான் அவன் பெண்ணெடுத்திருந்தான் என்பதால் வேலைக்கு அவனைவிடத் தகுதியான ஆள் கிடைத்திருக்க முடியாது.

முதல் தடவை வேலையை முடித்துவிட்டு வந்து, பாவம், உள்ளதை உள்ளபடி படிவத்தில் எழுதிக் கொடுத்தான். மாப்பிள்ளை என்ற முறையில் தன்னையும் சேர்த்துக்கொண்டு அறுபத்தொன்று என்று எழுதினான். தளத்தின் தலைவர் கேப்டன் மொர்லான் அவனைக் கூப்பிட்டனுப்பினார்.

"இதென்ன அறுபத்தொண்ணு?"

"ஆளுங்க, துரை."

"எங்கே இருந்த ஆளுங்க?"

"ராக்கெட் விழுற இடத்துல. பத்திரமா நகத்திட்டேன்."

"அங்கே ஆளே கிடையாதுய்யா. மேப்பைப் பாரு."

"மேப்பையும் பார்த்தேன் துரை. ஆளுங்களையும் பார்த்தேன்."

"ரெண்டுல எது அச்சடிச்சது?"

ஃபராஜியின் மாமியாரை யாரும் அச்சடித்திருக்கவில்லை. அன்றிலிருந்து அவனுடைய படிவங்கள் இலக்கணச் சுத்தமாக அமைந்தன: 'அகற்றப்பட்டோர்: 0. ஆடுகள்: 0. மறுப்புத் தெரிவித்தோர்: 0, அவர்களுள் ஒரு பெண்மணி கேப்டனின் பிறப்பைப் பற்றிச் சில ஐயங்கள் எழுப்பினார்.' கேப்டன் படித்துப் பார்த்து மகிழ்ந்து, 'மிகத் துல்லியம்' என்று ஓரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கேப்டன் மொர்லான் சாதாரண ஆள் இல்லை. ராக்கெட் மேலே போகாத நாட்களில் எல்லாம் உட்கார்ந்து தளத்தின் வரலாற்றை எழுதினார். ஆகவே புத்தகம் நன்றாகவே வளர்ந்தது. நூற்றிருபது பக்கம். முதல் அத்தியாயத்தின் முதல் வாக்கியம்: 'இங்கே யாருமில்லை.' இரண்டாவது வாக்கியம்: 'ஆகவே நாம் வந்தோம்.' நாற்பத்தெட்டாவது ராக்கெட்டைப் பார்வையிட ஜெனரல் ஒருவர் வருவதாகவும், புத்தகத்தை அவரே வெளியிடுவதாகவும், கையோடு 'வெற்று நிலப் பிரகடனம்' என்ற காகிதத்திலும் கையெழுத்திடுவதாகவும் ஏற்பாடு. கையெழுத்து ஆனதும் அந்த நிலப்பரப்பைச் சுற்றி நிரந்தரமாக முள்வேலி போட்டுவிடுவார்கள். கிணறு வேலிக்கு உள்ளே போய்விடும். சம்பந்தப்பட்டவர்களிடம் சம்மதம் கேட்க வேண்டிய அவசியமில்லை. சம்பந்தப்பட்டவர்கள்தான் இல்லையே!

நூறு கிலோமீட்டர் சுற்றுவட்டாரத்தில் வேறு கிணறு கிடையாது. கம்பிச் சுருள்கள் லாரியில் வந்து இறங்கியதை ஃபராஜி தன் கண்ணாலேயே பார்த்தான். வீட்டுக்கு வந்து மனைவி மஸ்ஊதாவிடம் சொன்னான். அவள் ஒரே வாக்கியத்தில் அவன் எதிர்காலத்தைத் தீர்மானித்தாள்: "எங்கம்மா கிணத்தைத் தொலைச்சுட்டு வந்தீங்கன்னா, அந்தத் துரைகூடவே குடித்தனம் பண்ணிக்குங்க."

ஆனாலும் உத்தரவு உத்தரவுதானே. திங்கட்கிழமை கிணற்றடிக்குப் போனான். மாமியார் உம்முல் கைர் ஆட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கூட்டத்தில் ஆண்கள் பேசுவார்கள். அவர் முடிவு செய்வார்.

"அத்தே, நாலே நாள்தான். வெள்ளிக்கிழமை ராக்கெட் விடறாங்க..."

"நாலு நாளா? வேலிக் கம்பி வந்து இறங்கியிருக்குன்னு என் மக சொல்லியனுப்பிட்டா. இந்தத் தடவை போனா திரும்பி வர்றதுக்கு வழி கிடையாது. பொண்ணு குடுத்த எடத்துலயே குழி பறிக்கிறியே, உனக்கே நல்லாருக்கா மாப்ளே?"

"நான் என்னத்தே பண்ணுவேன்? உத்தரவு."

"சரி. எத்தனை பேரைக் காலி பண்ணணும்னு அந்த உத்தரவுல எழுதியிருக்கு?"

ஃபராஜி காகிதத்தைப் பார்த்தான். "பூஜ்யம்."

"அப்பப் பண்ணியாச்சுன்னு போய்ச் சொல்லு," என்று மாமியார் அடுத்த ஆட்டைக் கூப்பிட்டார்.

ஃபராஜி தளத்துக்குத் திரும்பி விறைப்பாக சல்யூட் அடித்தான். "துரை, பூஜ்யம் பேர் இருக்காங்க. பூஜ்யம் பேரும் நகர மாட்டேங்கிறாங்க."

கேப்டனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இல்லாதவர்களுக்கு இவ்வளவு திமிரா? செவ்வாய்க்கிழமை தானே நேரில் போய் ஓர் அதட்டுப் போட்டுவிட்டு வருவதென்று ஜீப்பில் ஏறினார். வயர்லெஸ் பெட்டி பின்னால், மொழிபெயர்க்க ஃபராஜி பக்கத்தில். நண்பகலுக்குக் கிணற்றடியில் போய் இறங்கினார்.

இறங்கிய கணத்தில் அவர் கேப்டன் பதவியை இழந்து விருந்தாளி ஆனார் என்பது அவருக்குத் தெரியாது.

பூ ரஹ்லா கூட்டத்தில் ஒரு முறை உண்டு. வந்தவர் யாரானாலும் மூன்று நாள் விருந்து. முதல் ரொட்டியைப் பிட்டதிலிருந்து மூன்று முழு நாள் முடிகிறவரை 'என்ன வேலையாக வந்தாய்' என்று கேட்கவும் கூடாது, வந்தவர் சொல்லவும் கூடாது. வந்தவருடைய வாகனத்தின் சேணத்தை உடனே அவிழ்த்து மறைத்துவைத்துவிட வேண்டும்; இல்லையென்றால் விருந்தாளியைத் துரத்தப் பார்க்கிறார்கள் என்று நாலு பேர் ஏசுவார்கள். ஒட்டகத்தில் சேணம் எது என்று எல்லாருக்கும் தெரியும். ஜீப்பில் எது சேணம்? ஃபராஜியின் மச்சான்கள் இருவர் சுற்றிச் சுற்றி வந்து யோசித்தார்கள். மரியாதையில் குறை வைத்துவிடக் கூடாதே என்று கழற்ற முடிந்த எல்லாவற்றையும் கழற்றினார்கள். இருக்கைகள் போயின, மேல்துணி போயிற்று, நாலு சக்கரமும் போயின. வயர்லெஸ் பெட்டியை மட்டும் தொடவில்லை. அது விருந்தாளியின் மூட்டை. அடுத்தவர் மூட்டையில் கை வைப்பது எவ்வளவு பெரிய கேவலம்!

கேப்டன் கூடாரத்துக்குள் நிமிர்ந்து நின்று முழங்கினார்: "இருபத்து நாலு மணி நேரத்துல எல்லாரும் இடத்தைக் காலி பண்ணணும்! சொல்லுய்யா இவங்ககிட்ட!"

ஃபராஜி மாமியாரைப் பார்த்தான். மஸ்ஊதாவை நினைத்தான். மணலுக்குள் சுட்டெடுத்த ரொட்டி அப்போதுதான் தட்டுக்கு வந்தது.

"ரொட்டி வாசனை ஆளைத் தூக்குதுன்னு சொல்றாரு அத்தே."

"இன்னும் ரெண்டு வைக்கச் சொல்லு. ஆளு எலும்பும் தோலுமா இருக்காரு. பெத்தவ இருக்காளா?"

"என்ன சொல்றா?" என்றார் கேப்டன்.

"பரிசீலிக்கிறாங்களாம், துரை."

பரிசீலனை டீயுடன் தொடங்கியது. முதல் கிளாஸ் கசப்பு, இரண்டாவது இனிப்பு, மூன்றாவது இன்னும் இனிப்பு. ஒவ்வொரு கிளாஸுக்கும் முக்கால் மணி நேரம். பின்னர் ஓர் ஆட்டை அறுத்தார்கள். கேப்டன் உத்தரவை எடுத்து நீட்டியபோதெல்லாம் உம்முல் கைர் அதை அவர் சட்டைப் பைக்குள்ளேயே பதமாகத் திணித்து, கன்னத்தைத் தட்டினார்.

"அவசரப்படாதீங்க தம்பி. உங்காளுங்க விட்ட ஒரு இரும்புக் குழாய் எங்க கூடாரத்துப் பக்கத்துலயே வந்து விழுந்துச்சு. சூட்டோட கிடந்துச்சு பாவம். அதையே நாங்க 'நீ யாரு, எதுக்கு வந்தே'ன்னு கேக்கலை. நிழலுக்குத் துணி போட்டு மூணு நாள் வச்சிருந்தோம். நீங்க மனுஷர், உங்களைக் கேப்போமா?"

சாயங்காலம் கிளம்பலாமென்று வெளியே வந்த கேப்டன், கல்லுக்குமேல் வயிறு படப் படுத்திருந்த ஜீப்பைக் கண்டு ஆடிப்போனார். தளம் நாற்பது கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. வயர்லெஸ்ஸைப் பிடித்தார்.

"கேப்டன், எங்கே இருக்கீங்க?" என்றான் தளத்திலிருந்த கார்ப்பரல். "ஜெனரல் நாளைக்கே வந்துடறாராம்."

"நான்... காத்தை ஆராய்ஞ்சுட்டு இருக்கேன்."

"ஜீப் ஏதாவது அனுப்பட்டுமா?"

"ஜீப் இருக்கு. சக்கரம்தான் இல்லை."

"ஐயையோ! யார் எடுத்தாங்க?"

கேப்டன் சுற்றிலும் பார்த்தார். அறுபத்தோரு பேர் அன்பொழுக அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். நூற்றிருபது பக்கமும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன.

"யாரும் எடுக்கலை."

"பின்னே சக்கரம்?"

"யாருமில்லைன்னு சொல்றேன்ல! அவங்கதான் எடுத்தாங்க!"

"அங்கே வெயில் ஜாஸ்தியா கேப்டன்? நான் வேணா ஒரு வண்டி..."

"வண்டி கிண்டி அனுப்பினே, தொலைச்சுப்புடுவேன்! ஒருத்தரும் இங்கே வரக் கூடாது!"

வந்து பார்த்தால் ஆட்கள் இருப்பது தெரிந்துவிடுமே! புத்தகம் வேறு அச்சாகிவிட்டது. ஃபராஜி அவரைத் தேற்றினான்: "கவலைப்படாதீங்க துரை. வெள்ளிக்கிழமை விட்ருவாங்க." வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு என்று கேப்டன் கேட்கவில்லை, அவனாகவும் சொல்லவில்லை.

புதன்கிழமை ஒட்டகப் பாலும் பேரீச்சம்பழமும், வியாழக்கிழமை கூஸ்கூஸுமாகப் பரிசீலனை நடந்தது. கேப்டனுக்குக் கன்னம் கொஞ்சம் உப்பியது. வெள்ளிக்கிழமை காலை எழுந்து தொப்பியை மாட்டிக்கொண்டு சக்கரத்தைக் கேட்டார். முதல் ரொட்டியைப் பிட்டது செவ்வாய் நண்பகல், ஆகவே மூன்று நாள் முடிவது இன்று நண்பகல் என்று கூட்டத்தார் விரல் விட்டு எண்ணிக் காட்டினார்கள். ராக்கெட் பத்து மணிக்கு. அப்போது மணி ஒன்பதே முக்கால்.

வயர்லெஸ் கரகரத்தது. இம்முறை பேசியவர் ஜெனரல்.

"மொர்லான்! இன்னும் காத்தையே பார்த்துட்டிருக்கீங்களா? இங்கே எல்லாம் தயார். ராக்கெட் விழுற இடம் காலிதானே? வழக்கமான அந்த ஒரு வார்த்தையைச் சொல்லுங்க, விட்டுடறோம்."

காலி. ஒரே வார்த்தை. நாற்பத்தேழு தடவை கண்ணை மூடிக்கொண்டு சொன்ன வார்த்தை. இப்போது கண் மூட மறுத்தது. கேப்டன் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். அவ்வளவு பெரிய வானத்தை அவர் அதற்குமுன் கீழேயிருந்து பார்த்ததில்லை.

"காலியில்லை ஜெனரல்!" என்று அலறினார். "விட்டுடாதீங்க! ஆள் இருக்காங்க! மனுஷங்க இருக்காங்க!"

"என்ன உளர்றீங்க? மேப்புல யாரையும் காணோமே."

"மேப்பு கிடக்குது கழுதை! நான் நேர்ல பார்க்கிறேன்!"

"எத்தனை பேர்?"

கேப்டன் விரலை நீட்டி எண்ணத் தொடங்கினார். உம்முல் கைர் மருமகனிடம் கேட்டார்: "என்னவாம் மாப்ளே?"

"நம்மளை எண்ணுறாரு அத்தே."

"அஞ்சு வருஷம் கழிச்சா? அடியேய், அந்தக் கைக்குழந்தையைத் தூக்கிக் காட்டுங்கடி, விட்டுடப் போறாரு!"

குழந்தையைத் தூக்கிக் காட்டினார்கள். அது கேப்டனைப் பார்த்துப் பொக்கை வாயைத் திறந்தது.

"அறுபத்து ரெண்டு!" என்று கத்தினார் கேப்டன். ஆமாம், தன்னையும் சேர்த்துத்தான்.

"எப்பலேர்ந்து இருக்காங்க?"

ஃபராஜி மாமியாரிடம் கேட்டுச் சொன்னான். இந்த ஒரு தடவை ஒரு சொல்கூட மாற்றாமல் மொழிபெயர்த்தான். கேப்டன் அதை அப்படியே வயர்லெஸ்ஸில் ஒப்பித்தார்: "கிணத்தைத் தோண்டின நாள்லேர்ந்து, ஜெனரல். அவங்க முப்பாட்டன் தோண்டினது."

தளத்துப் பேரேட்டில் கார்ப்பரல் மசியால் அதை எழுத, கீழே ஜெனரல் பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்திட்டார். ஆளிருக்கும் நிலத்தை வெற்று நிலமென்று பிரகடனம் செய்யச் சட்டத்தில் இடமில்லையாம். கம்பிச் சுருள்கள் வந்த லாரியிலேயே திரும்பின. கிணறு வேலிக்குத் தப்பியது. ஃபராஜிக்கு உயிர் வந்தது. மஸ்ஊதா கையால் மறுபடி சாப்பிடலாம்.

நண்பகல் ஆனதும் உம்முல் கைர் கேப்டனுக்கு எதிரே சம்மணமிட்டு அமர்ந்தார். "மூணு நாள் ஆச்சு. இப்பக் கேளு மாப்ளே. தம்பி என்ன வேலையா வந்தாராம்?"

கேப்டன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "ஒண்ணுமில்லை," என்றார். "சும்மா பார்த்துட்டுப் போகலாம்னுதான் வந்தேன்."

நாலு சக்கரமும் மரியாதையோடு திரும்ப வந்து சேர்ந்தன.

புத்தகமும் வெளிவந்தது. இத்தனை பக்கத்தைத் திரும்ப அச்சடிக்க முடியாததால், கடைசியில் ஒரு பிழைதிருத்தச் சீட்டு ஒட்டினார்கள்: 'பக்கம் ஒன்று, வரி ஒன்று: யாருமில்லை என்பதை அறுபத்திரண்டு பேர் என்று திருத்தி வாசிக்கவும்.' விஞ்ஞானம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும். தவறைத் திருத்திக்கொள்ள அது தயங்குவதே இல்லை. ராக்கெட்டையும் வீணாக்கவில்லை, அதன் முகத்தைத் தெற்கே திருப்பி வைத்தார்கள். தெற்கே வரைபடம் இன்னும் வெறுமையாக இருந்தது.

அடுத்த வாரம் ஃபராஜியின் மேசைக்குப் புது உத்தரவு வந்தது. தெற்குப் பகுதியைக் காலி செய்ய வேண்டும். அகற்ற வேண்டியோர் எண்ணிக்கை: 0. அவன் காகிதத்தை எடுத்துக்கொண்டு போய்க் கேப்டன் முன்னால் பணிவாக நின்றான்.

"துரை, ஜீப் தயாரா இருக்கு. நீங்களும் வந்து உக்காந்தாத் தேவலை."

"நான் எதுக்குய்யா?"

"நீங்க அங்கே இருந்தாத்தானே துரை, அவங்களும் இருப்பாங்க?"