தெற்குத் துறைமுகம் உங்களுக்குத்தான்

நண்பரை நடுக்கடலில் தள்ளிவிட்டு, தண்ணீர் ரொம்பச் சில்லென்று இருக்கிறதா என்று அக்கறையாக விசாரிக்கும் ஓர் இனம் இருக்கிறது. ஒப்பந்த வீரர் என்று பெயர். அவரை அரசியலில் தேட வேண்டாம். கையில் போன் இருந்தால் போதும், எந்த வீட்டிலும் முளைப்பார்.

நாம் பார்க்கப்போகிறவர் பல் டாக்டர். "வலிக்கவே வலிக்காது" என்று இருபது வருஷம் சொல்லிப் பழகிய வாய். அவரும், அவர் மனைவியின் தம்பியும், கிளினிக்குக்குப் பக்கத்து மருந்துக்கடைக்காரரும், இன்னும் நாலு பேரும் இணையத்தில் ஒரு ராஜ்ய விளையாட்டு ஆடுகிறார்கள். ஒரு வரைபடம், ஏழு நாடுகள். பகடை கிடையாது. பேச்சுதான் படை. பகலெல்லாம் ரகசியக் கடிதம் எழுதிப் பேரம் பேசலாம். மாலை ஆறு மணிக்கு எல்லாருடைய உத்தரவும் ஒரே சமயத்தில் வெளியாகும். யார் யாரைக் கவிழ்த்தார் என்பது அப்போதுதான் தெரியும்.

நாற்காலியில் சாய்ந்திருப்பவரின் ஈறு மரத்துப்போகக் காத்திருக்கும் ஐந்து நிமிஷத்தில் டாக்டர் மைத்துனருக்கு எழுதுவார்: "மச்சான், தெற்குத் துறைமுகம் உனக்குத்தான். யார்கிட்டயும் மூச்சு விடாதே." அடுத்த பல்லுக்குப் போவதற்குள் அதே கடிதம், 'மச்சான்' இருந்த இடத்தில் 'அண்ணே' போட்டு, மருந்துக்கடைக்காரருக்குப் போகும். ஆறு மணிக்குத் துறைமுகத்தில் டாக்டரின் கொடி! பிறகு அனுதாபக் கடிதம் வேறு: "மனசே கேக்கல. நாட்டு நலனுக்காகச் செஞ்சேன்." எந்த நாடு? திரையில் கட்டைவிரல் அகலத்துக்கு ஊதா நிறத்தில் இருக்கிறதே, அந்த நாடு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு மணி சுமாருக்கு, மனைவி வெளியூர் போயிருந்த சமயம், மின்விசிறியைத் துடைக்க ஸ்டூலில் ஏறினார். இறங்கும்போது ஸ்டூல் கூட வரவில்லை. கணுக்கால் பூசணிக்காயாக வீங்கியது. தரையில் கிடந்தபடி மைத்துனருக்குப் போன் போட்டார்.

"மச்சான், கீழ விழுந்துட்டேன்டா. காலை அசைக்க முடியல. காரை எடுத்துட்டு ஓடி வா!"

"ஆறு மணிக்குள்ள நான் உத்தரவு போடக் கூடாது. அதானே?"

"சத்தியமா விழுந்துட்டேன்டா!"

"போன வாரமும் சத்தியம்தான் பண்ணீங்க."

"அது விளையாட்டு!"

"அப்ப இது?"

லைன் கட்டாயிற்று. மருந்துக்கடைக்காரருக்கு வீங்கிய காலின் படத்தை அனுப்பினார். உடனே பதில் வந்தது: "யார் கால் டாக்டர் இது?"

உண்மையைச் சொல்லி நம்ப வைப்பது எப்படி? டாக்டருக்கு அந்தப் பழக்கமே இல்லையே! வேறு வழியில்லாமல், கண்ணில் நீர் முட்ட, தெற்குத் துறைமுகத்திலிருந்து படையை விலக்கி உத்தரவு போட்டு, அதைப் படம்பிடித்து மைத்துனருக்கு அனுப்பினார். பதினைந்தே நிமிஷத்தில் வாசலில் கார்.

"ஐயோ, நிஜமாவே விழுந்திருக்கீங்களே!" மைத்துனருக்கு முகம் வெளுத்துவிட்டது. தோளில் தாங்கி, காரில் ஏற்றி, ஒவ்வொரு சிக்னலிலும் மன்னிப்புக் கேட்டார். 

"நீ வந்ததே போதும்டா. இனிமே உன்னை ஏமாத்த மாட்டேன்."

அதை அவர் மனசார, கலப்படமில்லாமல் சொன்னார். மைத்துனரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மாவுக்கட்டோடு சக்கர நாற்காலியில் ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்தபோது மணி ஆறரை. போனைத் திறந்தார். துறைமுகம் போயிருந்தது, சரி. தலைநகரமும் போயிருந்தது.

"டேய், என்னடா இது?"

"நீங்க எக்ஸ்ரே எடுக்க உள்ள போயிட்டீங்க. நான் வெளிய சும்மாதானே உக்காந்திருந்தேன், மச்சான்?" என்று சொல்லிவிட்டு, நாற்காலியைப் பதமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

இதைப் படிக்கையில் உங்களுக்குத் தெரிந்த ஒரு முகம் வந்து போயிருக்குமே? சிரித்துக்கொண்டே அவருக்கு அனுப்பிவையுங்கள். ஒருவேளை அவர் முந்திக்கொண்டு உங்களுக்கு அனுப்பியிருந்தால், யாரை நினைத்து அனுப்பினீர்கள் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.