பெரிய ரீவியை விட்டுக்கொடுத்தவர்

சனிக்கிழமை மாலை வெளிவரும் கடைசிப் பாகத்தை அன்றிரவே பார்த்துவிடுவது என்று றெமிஜியஸ் தீர்மானித்திருந்தார். பனி கொட்டினாலும் பார்ப்பது. விமான நிலையத்தில் ஓவர்டைம் தந்தாலும் பார்ப்பது. ஆனால் தாம் பார்த்தது ஒரு சீவனுக்கும் தெரியக் கூடாது. முதல் பாதிக்கு மனவுறுதி போதும். இரண்டாம் பாதிக்கு மூளை வேண்டும். அது தம்மிடம் தேவைக்கு மேலேயே இருக்கிறது என்பது அவருடைய கணிப்பு.

படத்தின் பெயர் 'குடை நிலையம்'. ஜப்பானிய அனிமே. ஒரு சின்ன ரயில் நிலையம். பயணிகள் தவறவிட்டுப் போகும் பொருள்களைக் காத்துவைத்துத் திருப்பிக் கொடுக்கிற வேலை கினுகோ என்ற பெண்ணுக்கு. தத்சுயா என்றொரு பையன் வாரா வாரம் குடையைத் தொலைத்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு அங்கே வருவான். அவன் தொலைப்பதே இல்லை. வேண்டுமென்றே விட்டுவிட்டுப் போகிறான். மனதில் உள்ளதை இன்றைக்காவது சொல்வான் என்று பார்த்தால், குடையை வாங்கிக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுவான். இப்போது கினுகோவுக்கு வேறு ஊருக்கு மாற்றம் வந்துவிட்டது. கடைசிப் பாகத்தில் அவள் ரயில் ஏறுகிறாள்.

பெரிய வெள்ளியன்று வியாகுலப் பிரசங்கத்தில் கோயிலே தேம்பியபோதும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர், அந்தக் குடைகளுக்காக அழுதார். நாரி பிடித்து, இடுப்பை அசைக்க முடியாமல் சோபாவில் படுத்துக்கிடந்த மாதத்தில் பிடித்த பைத்தியம் அது. நாரி சுகமாகிவிட்டது. இது ஆகவில்லை.

சனி இரவே பார்த்தாக வேண்டியதற்குக் காரணம் இருந்தது. ஞாயிறு பூசை முடிந்ததும் பாடகர் குழுப் பெண்கள் கார்த் தரிப்பிடத்தில் நின்று முடிவை உடைத்துப் பங்கு போடுவார்கள். காதைப் பொத்திக்கொண்டு நடந்தால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று யாரும் கேட்டுவிடக் கூடாது. முக்கியமாக, பஸ்ரியன் கேட்டுவிடக் கூடாது.

பஸ்ரியன்தான் அந்தக் கோயில் பங்கின் மூத்த அனிமே ரசிகர். மகன் கல்யாணம் முடித்து மிசிசாகாவுக்குப் போனபோது விட்டுப்போன ரீசேட்டுகளையும் ரசனையையும் சேர்த்து எடுத்துக்கொண்டவர். அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. அதைக் கார்த் தரிப்பிடத்தில் பிரசங்கமாகவே செய்வார்.

"வெட்டுறது கொத்துறது ஆம்பிளையளுக்கு. கண்ணைக் கசக்கிறது பொம்பிளையளுக்கு. ஜப்பான்காரன் விசரனே, சும்மாவே பிரிச்சு வைச்சிருக்கிறான்?"

இதற்கு 'ஆமென்' சொல்பவர் றெமிஜியஸ். சொல்வதோடு நிற்பதில்லை.

"என்ர வீட்டில வந்து பாருங்கோ அண்ணை. என்ர பேரைத் திறந்தால் 'எலும்புக்கோட்டை'. ஒரே ரத்தம். வேரோனிக்கான்ர பேரைத் திறந்தால் முழுக்க ஒப்பாரி."

அவர் சொன்னது ரீவியைப் பொறுத்தவரை உண்மை. மகள் ஸ்டெபனி பல்கலைக்கழகத்துக்குப் போகுமுன் வீட்டு ரீவிகளில் ஆளுக்கொரு பக்கம் திறந்து, பேர் போட்டுக் கொடுத்திருந்தாள். யார் பேரில் எதைப் பார்த்தாலும் அது அந்தப் பேருக்குக் கீழே வரிசையாக நிற்கும். றெமிஜியஸ் தம் கண்ணீரையெல்லாம் மனைவியின் பேரில் விட்டார். தம் பேரில் 'எலும்புக்கோட்டை'யை ஓடவிட்டு, சத்தத்தை நிறுத்திவிட்டு, வெளியே பனி வழிக்கப் போனார். திரும்பி வரும்போது பத்துப் பேர் செத்திருப்பார்கள். ஆண்மை வளர்ந்திருக்கும். அவர் ஓடவிட்டதைவிடக் கோட்டை வேகமாக முன்னேறியிருப்பதையும் சிலவேளைகளில் கவனித்தார். ரீவி தானாக ஓடுகிற சாதி என்று விட்டுவிட்டார்.

இது பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டிய விசயமா என்று ஒருமுறை யோசித்ததும் உண்டு. சாமியாரும் பஸ்ரியனும் ரெக்ஸ்டேலில் முன்னாள் அயலவர்கள் என்பது ஞாபகம் வந்தது. பாவமில்லை என்று முடிவு செய்தார்.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும்போதுதான், வெள்ளிக்கிழமை பின்னேரம், கட்லட்டுக்குக் கிழங்கு மசித்தபடி வேரோனிக்கா சொன்னாள்.

"நாளைக்கு இரவுச் சாப்பாட்டுக்குப் பஸ்ரியன் அண்ணையையும் கரோலின் அக்காவையும் வரச் சொல்லியிருக்கிறன்."

றெமிஜியஸின் நெஞ்சில் ஒரு ரயில் புறப்பட்டது.

"நாளைக்கோ? ஏன் நாளைக்கு? அடுத்த கிழமை வரச் சொல்லுமன்."

"அடுத்த கிழமை ஏன்?"

"நாளைக்குப் பனி எண்டு சொல்லுறாங்கள்."

"எங்கட ஸ்ரௌவ்வில்ல எண்டைக்குப் பனி இல்லை? அவை இருக்கிறது ரெண்டு தெரு தள்ளி. நாளைக்கு 'எலும்புக்கோட்டை'யில புதுச் சண்டை தொடங்குதாம். உங்களோட இருந்து பாக்கவேணுமெண்டு அண்ணைக்கு ஆசை. நீங்கள் ரெண்டு பேரும் மேல பெரிய ரீவியில பாருங்கோ. நானும் கரோலின் அக்காவும் கீழ பேஸ்மென்ற்றில போயிருந்து எங்கட அழுகைப் படத்தின்ர கடைசிப் பாகத்தைப் பாக்கிறம்."

றெமிஜியஸின் மூளை வேலை செய்யத் தொடங்கியது. பெண்கள் பேஸ்மென்ற்றில் இருந்தால் அங்கே இறங்குவதற்கு அவருக்கு ஒரு சாட்டும் இல்லை. கீழே இருப்பது ஒரு சின்ன ரீவியும் வீட்டைச் சூடாக்குகிற பேர்னஸும்தான். ஆனால் பெண்கள் மேலே இருந்தால்? ஐஸ் மேலே. சோடா மேலே. ரோல்ஸ் மேலே. குசினியில் குளிர்பெட்டிக்கு முன்னால் நின்றால் பெரிய ரீவி சுவர் மறைக்காமல் நேரே தெரியும். வீட்டுக்காரன் விருந்தாளிக்கு ஐஸ் எடுக்க எத்தனை தரமும் ஏறி வரலாம். கர்த்தரே கேட்க மாட்டார்.

"சீ, சீ," என்றார். "நீங்கள் மேல இருங்கோ. நாங்கள் கீழ போறம்."

"ஏன்?"

"பேஸ்மென்ற் குளிர். உமக்கு முழங்கால் நோ."

"முழங்கால் நோ உங்களுக்கெல்லோ."

"கரோலினுக்குச் சொல்லுறன்."

"அவ கிழமைக்கு மூண்டு நாள் நீந்திற மனுசி."

"எண்டாலும் விருந்தாளி. விருந்தாளியைக் கீழ விடுறது மரியாதையில்லை."

"அப்ப பஸ்ரியன் அண்ணை ஆர்? வீடு கட்ட வந்த மேசனோ?"

"அவர் ஆம்பிளை. தாங்குவார்."

வேரோனிக்கா கிழங்கை உருட்டி வைத்தாள். "வேண்டாமப்பா. சண்டையைப் பெரிசில பாத்தால்தான் சண்டை எண்டு நீங்கள்தானே சொல்லுறனீங்கள்."

"சண்டை எந்த அளவில பாத்தாலும் சண்டைதான். முகம்தான் பெரிசாத் தெரியவேணும். அந்தப் பெடியன் குடையை வாங்கேக்க உதடு லேசா நடுங்கும், அதெல்லாம் சின்ன ரீவியில…" றெமிஜியஸ் சடாரென்று நிறுத்தினார். "எண்டு பாடகர் குழுவில கதைச்சவை."

"ஓமோம், கதைச்சவை," என்றாள் வேரோனிக்கா. "வடிவா யோசிச்சுத்தான் சொல்லுறியளோ? பிறகு பாதியில வந்து பெரிய ரீவியைத் தா எண்டு நிக்கக் கூடாது."

"கேக்க மாட்டன்."

"அண்ணை கேட்டாலும்?"

"ஆர் கேட்டாலும். நாளைக்கு இரவு பெரிய ரீவி பொம்பிளையளுக்கு. முடிஞ்சுது கதை."

அவள் மறுக்க மறுக்க அவர் இறுகிப்போய், ஒரு பெண்ணுரிமைக்காரரின் முகத்தோடு குளிக்கப் போனார்.

மறுநாள் பஸ்ரியன் மண்டையோட்டுப் படம் போட்ட ரீசேட்டுடன் வந்தார். கரோலின் கையில் வட்டிலப்பம். சாப்பாடு முடிந்தது. ஆண்கள் பேஸ்மென்ற்றுக்கு இறக்கப்பட்டார்கள்.

"என்ன றெமி, உம்மட வீட்டில ஆம்பிளையளுக்குப் பாதாளமே?" என்றார் பஸ்ரியன், போர்வையை இழுத்துப் போர்த்தியபடி.

"பொம்பிளையள் பாவமண்ணை. அழுறதுக்காவது வசதி செய்து குடுப்பம் எண்டு விட்டிட்டன். நீங்கள் இருங்கோ, ஐஸ் எடுத்துக்கொண்டு வாறன்."

குளிரில் நடுங்குகிறவருக்கு ஐஸ் எதற்கு என்று பஸ்ரியன் கேட்குமுன் அவர் பாதிப் படி ஏறிவிட்டார்.

குளிர்பெட்டியைத் திறந்து, அதன் கதவுக்கு மேலால் மெல்ல எட்டிப் பார்த்தார். பெரிய ரீவியில் ரயில் நிலையம் இல்லை. குடை இல்லை. ஒரு கோட்டைச் சுவரில் ஏழெட்டுத் தலைகள் பறந்துகொண்டிருந்தன. வேரோனிக்கா சோபாவின் நுனியில், கையை முட்டியாக மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இடது பக்கம் பாரடா மடையா," என்று அவள் ரீவிக்குச் சொன்னாள். "அவன்ர வாள்கை இடது."

"அவன் கவனியான்," என்றாள் கரோலின், ரோல்ஸைக் கடித்தபடி. "போன சண்டையிலயும் உதே பிழைதான் விட்டவன்."

றெமிஜியஸ் ஐஸ் தட்டோடு முன்னால் வந்து நின்றார்.

"இதென்ன இது? உங்கட அழுகைப் படம் எங்க?"

"மறைக்காதேங்கோ. தள்ளுங்கோ."

"இது ஆம்பிளையளின்ரயெல்லோ?"

"ஓம். அதுதான் உங்கட பேரில பாக்கிறம்," என்றாள் வேரோனிக்கா. "ஒரு வருசமா உங்கட பேரிலதானே பாக்கிறன். நீங்கள் பனி வழிக்கப் போனால் உள்ளுக்கு வேற என்ன வேலை எனக்கு?"

ரீவி தானாக ஓடும் சாதி அல்ல என்பது அப்போதுதான் றெமிஜியஸுக்கு விளங்கியது. பதில் சொல்ல வாயெடுக்குமுன், வாள் சத்தம் கேட்டு, போர்வையோடு பஸ்ரியன் படியேறி வந்துவிட்டார். பெரிய ரீவியைக் கண்டார். கொள்கை கோட்பாடு ஒன்றும் பேசவில்லை. நேரே போய் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அந்தக் கறுப்புக் கவசக்காரன் ஆர், றெமி? போனமுறை செத்தவனெல்லோ?"

றெமிஜியஸுக்குக் கறுப்புக் கவசத்தையும் தெரியாது, செத்தவனையும் தெரியாது. அவன் செத்த நேரத்தில் அவர் வாசலில் உப்புத் தூவிக்கொண்டு நின்றிருப்பார்.

"அவன் சாகேல்லை அண்ணை," என்றாள் வேரோனிக்கா. "செத்தது தம்பிக்காரன். கவசத்தை மாத்திப் போட்டவங்கள். தோளில இருக்கிற கீறலைப் பாருங்கோ."

"அட, ஓமெண்டு," என்றார் பஸ்ரியன். "றெமி, உம்மட மனிசி சொல்லுறதில பாதி நீர் எனக்குச் சொன்னதில்லையே."

"நான்… பேர்னஸை ஒருக்காப் பாத்திட்டு வாறன்," என்றார் றெமிஜியஸ். "ஏதோ சத்தம் கேக்குது."

யாரும் திரும்பவில்லை.

படியிறங்கும்போதுதான் உறைத்தது. பெரிய ரீவி போனால் போகட்டும். பஸ்ரியன் மேலே. பெண்கள் மேலே. பேஸ்மென்ற்றில் அவரும் சின்ன ரீவியும் மட்டும். இதைவிட நல்ல திட்டத்தை அவரே போட்டிருக்க முடியாது. வேரோனிக்காவின் பேரைத் திறந்தார். கடைசிப் பாகம் முதல் வரிசையில் ஆயத்தமாக நின்றது. சோபாவின் கைப்பிடியில் கண் துடைக்கிற ரிசுத் தாள் பெட்டி, புத்தம்புதியது, ஒன்று இருந்தது. கடவுள் தம் பக்கம்தான் என்று றெமிஜியஸ் நினைத்துக்கொண்டார்.

மழை. நடைமேடை. கினுகோ பெட்டியோடு நிற்கிறாள். தத்சுயா ஓடி வருகிறான், முதல் தடவையாகக் கையில் குடை இல்லாமல். மேலே யாருடைய தலையோ உருண்ட சத்தத்துக்கு மூன்று பேர் கை தட்டினார்கள். கீழே றெமிஜியஸ் சோபாத் தலையணையின் நுனியைக் கடித்துக்கொண்டு குலுங்கினார். பெட்டியில் ரிசு அரைவாசியானது.

முடிந்ததும் ரீவியை அணைத்தார். கீழ்க் குளியலறையில் முகத்தைக் கழுவினார். கண்ணாடியில் பார்த்தார். பேர்னஸைத் திருத்திவிட்டு வருகிற ஒரு மனிதன்தான் தெரிந்தான். ரகசியம் பத்திரம். தீர்மானம் இரண்டும் நிறைவேறிவிட்டன. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு படியேறினார்.

"பேர்னஸ் சரி," என்று பொதுவாக அறிவித்தார். "பயங்கரத் தூசு. கண்ணெல்லாம் எரியுது."

வேரோனிக்கா கோட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கடைசியாச் சொன்னவனோ?" என்று கேட்டாள், கறிக்கு உப்புக் காணுமோ என்று கேட்கிற குரலில்.

"எங்க, அந்த மண்டுகம்," என்றார் றெமிஜியஸ். "ரயில் வெளிக்கிட்டாப் பிறகு, யன்னலுக்குப் பக்கத்தால ஓடி ஓடிச் சொன்னவன். அதுவும் அவளுக்கு வடிவாக் கேட்டுதோ தெரியாது."

பஸ்ரியன் றிமோட்டை அழுத்தினார். பறந்துகொண்டிருந்த தலை அந்தரத்தில் நின்றது.

"எந்த ரயில், றெமி?"

றெமிஜியஸ் ஐஸ் எடுக்கக் குளிர்பெட்டிப் பக்கம் திரும்பினார். வேரோனிக்கா பஸ்ரியனின் கையிலிருந்து றிமோட்டை வாங்கி, சண்டையை மறுபடி ஓடவிட்டாள்.

"இனிமேல் என்ர பேரில அழாதேங்கோ."