உஷ் அண்ணன் வேனுக்கு ஆயில் மீட்டர் வந்த கதை

ஓடுகிற வண்டிக்குள் ஒரு நாதஸ்வரக்காரரைப் பார்த்து, "கொஞ்சம் வாசிக்காம இருங்க, எஞ்சின் என்னமோ சொல்லுது" என்று கேட்ட மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் எங்கள் வேன் டிரைவர். அவருடைய சொந்தப் பெயர் வண்டியின் ஆர்.சி. புத்தகத்துக்குத் தெரியும். எங்களுக்கு அவர் உஷ் அண்ணன்.

காலையில் ராசிபுரத்தில் எங்களை அள்ளிப் போட்டுக்கொண்டு சேலத்தில் உதிர்த்துவிட்டு, சாயங்காலம் மறுபடி பொறுக்கிக்கொண்டு வருவது அவர் தொழில். நான் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மொத்த ஜவுளிக்கடையில் கணக்குப் பார்க்கிறேன். என்னோடு வரும் கூட்டத்தில் முக்கியமானவர்கள் இருவர்: ஒரு பள்ளிக்கூடத்து டீச்சர், ஒரு கூட்டுறவுச் சங்கத்துக் கேஷியர். வண்டி பழைய டீசல் வேன். எங்களில் பாதிப் பேருக்கு அது அக்கா முறை.

மல்லூர் வந்தால் எல்லோருக்கும் தூக்கம் கலையும், வாய் திறக்கும். விலைவாசி, மருமகள், சீரியல் என்று பேச்சு சூடு பிடிக்கிற நேரமாகப் பார்த்து அண்ணனின் இடது கை உயரும்.

"உஷ்!"

வேன் முழுக்க கப்சிப். அண்ணன் தலையைச் சாய்த்து, நெஞ்சில் குழல் வைத்துப் பார்க்கும் டாக்டரைப்போல எஞ்சினைக் கேட்பார். பிறகு தீர்ப்பு வரும். "மூணாவது சிலிண்டர்ல வால்வு தட்டுதுங்க." எங்கள் காதுக்கு எல்லாச் சிலிண்டரும் ஒன்றாகத்தான் கத்தும். ஆனால் மெக்கானிக் மணி பிரித்துப் பார்த்தால் குறை மூன்றாவதில்தான் இருக்கும்.

ஒருமுறை கேஷியரின் மாமியார் போனில் அழுதுகொண்டிருந்தார். அதற்கும் உஷ். கேஷியர் பதறிப்போய், "அண்ணா, இது குடும்ப விசயமுங்க" என்றார். "பேரிங் போனா என்ற குடும்பமும் நடுரோட்டுலதானுங்க சாமி நிக்கும்" என்றார் அண்ணன். கேஷியர் போனை அணைத்தார். அன்றைக்கு அவருக்கு ஞானம் பிறந்தது. அதிலிருந்து மாமியாரின் போன் எப்போது வந்தாலும், "வேன்ல ஏறுனதும் கூப்புடறேனுங்க அத்தை" என்று சொல்லப் பழகிக்கொண்டார்.

நாதஸ்வரக்காரர் விவகாரம் வாழப்பாடியில் டீச்சரின் தம்பி கல்யாணத்துக்குப் போகும்போது நடந்தது. பின்சீட்டில் மேளக்காரர்கள். நாதஸ்வரக்காரர் சும்மா ஒரு ராகத்தைத் தொட்டுப் பார்த்தார். அண்ணன் கையைத் தூக்கினார். "தப்பா எடுத்துக்காதீங்க. அருமையாத்தான் வாசிக்கறீங்க. உங்க சுருதிக்கு அடியில ஃபேன் பெல்ட் ஒண்ணு அழுவுதுங்க." நாங்கள் சண்டையை எதிர்பார்த்துச் சீட்டு நுனிக்கு வந்தோம். நாதஸ்வரக்காரரோ கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "ஆமா, அரைச் சுருதி கம்மியா அழுவுது" என்றார். கல்யாணம் முடிகிற வரைக்கும் இருவரையும் பிரிக்க முடியவில்லை.

மீட்டர்கள் மேல் அண்ணனுக்கு மரியாதையே கிடையாது. வேக மீட்டரின் முள் எப்போதோ படுத்துவிட்டது. டீசல் மீட்டர் கண்ணாடிமேல் முருகன் ஸ்டிக்கர். "மீட்டர் ஆயிரம் பொய் சொல்லுமுங்க. சத்தத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது" என்பார்.

அப்படிப்பட்டவர் ஒரு கோடையில் திடீரென்று உஷ் சொல்வதை நிறுத்திவிட்டார்.

முதல் இரண்டு நாள் நாங்கள் நம்பவில்லை. மல்லூர் வரும்போது பழக்கதோஷத்தில் குரலைத் தாழ்த்திக்கொண்டு அவர் கையையே பார்த்தோம். கை ஸ்டியரிங்கை விட்டு எழும்பவில்லை. பிறகு துணிச்சல் வந்தது. பின்சீட்டில் பாட்டுப் போட்டார்கள். அதற்கும் உஷ் இல்லை. வண்டியின் பக்கவாட்டுக் கண்ணாடிகள் திடீரென்று பெரிதாகியிருந்ததையும் யாரும் ஏனென்று கேட்கவில்லை. "அண்ணனுக்குக் கோவம் கொறஞ்சு போச்சாட்ட இருக்குது" என்று டீச்சர் சந்தோஷப்பட்டார். வருத்தப்பட்டவர் கேஷியர் ஒருவர்தான். மாமியாரிடம் சொல்ல அவருக்குக் காரணம் இல்லாமல் போயிற்று.

சில நாள் கழித்து, செவ்வாய்ப்பேட்டை முனையில் என்னை இறக்கிவிடும்போது அண்ணன் தயங்கிக்கொண்டே கேட்டார்.

"ஏனுங்க அம்மிணி, இங்க ஸ்பேர்ஸ் கடையில ஆயில் பிரஷர் மீட்டர் கெடைக்குமுங்களா? கூட வந்து கேட்டுச் சொல்றீங்களா?"

என் காதுதான் பழுதாகிவிட்டதோ என்று நினைத்தேன். "மீட்டர் பொய் சொல்லும்னீங்களே அண்ணா?"

"இது நல்ல மீட்டருங்க" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

கடைக்காரர், "எந்த வருசத்து வண்டிங்க?" என்று கேட்டார்.

"ஆமாங்க, வண்டிக்குத்தான்" என்றார் அண்ணன்.

கடைக்காரர் என்னைப் பார்த்தார். சந்து முழுக்க ஆட்டோ ஹாரனும் மூட்டை இறக்குகிறவர்கள் போடும் கூச்சலுமாக இருந்ததால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் இடையில் நின்று மொழிபெயர்ப்பாளர் வேலை பார்த்தேன். ஒயர் இழுத்து மாட்டுகிற மீட்டர் ஒன்று, மெல்லிய செம்புக்குழாய் வழியாக எண்ணெயையே மீட்டருக்குக் கொண்டுவருவது ஒன்று. எது வேண்டும் என்றார் கடைக்காரர். நான் அண்ணன் காதருகே போய்க் கத்தினேன்.

"கொழாய்தானுங்க. ஒயரு கேட்டதத் திருப்பிச் சொல்ற ஆளு. கொழாய்ல எண்ணெயே நேர்ல வந்து நிக்குமுங்க."

ஞாயிற்றுக்கிழமை மணியின் பட்டறையில் மீட்டர் மாட்டும் வைபவம். நான் வேடிக்கை பார்க்கப் போனேன். டீச்சரும் வந்திருந்தார். கேஷியர், மாமியார் வீட்டுக்கு வந்திருந்ததால், எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்.

மணிக்குத்தான் தாங்கவில்லை. "இத்தன வருசமா நோவு என்னன்னு இவருதான் எனக்குச் சொல்லுவாரு. இவருக்கு எதுக்குங்க மீட்டரு?" என்று எங்களிடம் புலம்பிக்கொண்டே வேலையைத் தொடங்கினார். எஞ்சின் பக்கவாட்டில் ஒரு சின்ன சுவிட்சு இருக்கிறது. எண்ணெய் அழுத்தம் அடியோடு விழுந்தால் அதுதான் டேஷ்போர்டில் சிவப்பு விளக்கைப் போடும். "இந்த வெளக்கு எரியறப்ப பாதிக் கதை முடிஞ்சிருக்குமுங்க. மீட்டரு இருந்தா முள்ளு எறங்கறப்பவே தெரிஞ்சுக்கலாம்" என்றார் மணி. சுவிட்சைக் கழற்றி, அந்த இடத்தில் இரண்டு வாய் உள்ள ஒரு இணைப்பை முடுக்கி, ஒரு வாயில் பழைய சுவிட்சையும் இன்னொன்றில் செம்புக்குழாயையும் மாட்டினார். டிரைவர் காலடித் தகரத்தில் துளை போட்டுக் குழாயை உள்ளே இழுத்து, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் மீட்டரைப் பொருத்தினார். குழாயில் இருக்கும் காற்று போகட்டும் என்று மீட்டர் பக்கத்து முனையை மட்டும் லூசாக விட்டுவிட்டு, முன்னால் போய் நின்றுகொண்டு கையைக் காட்டினார்.

அண்ணன் கீழே நின்றபடியே கதவு வழியாகக் குனிந்து சாவியைத் திருப்பினார். எஞ்சின் உடனே கிளம்பி, சீராக ஓடியது. அண்ணன் கண் மீட்டர்மேல். முள் அசையவில்லை. அவர் சாவியை மறுபடி திருப்பினார்.

கர்ர்ர்ர்ர்!

ஓடும் எஞ்சினில் செல்ப் மோட்டார் போய் இடித்த சத்தம். இரும்பை இரும்பு கடிக்கிற சத்தம். டீச்சர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். கேஷியர் உட்கார்ந்திருந்த டயரிலிருந்து எழுந்துவிட்டார். அண்ணன் முகத்தில் மட்டும் ஒரு சுருக்கம் இல்லை. முள்ளைப் பார்த்தபடி மூன்றாவது முறையும் சாவியைத் திருப்பப் போனார்.

மணி ஓடிவந்து அவர் கையைப் பிடித்தார். "அண்ணா, வண்டி ஓடிக்கிட்டிருக்குதுங்க."

அண்ணன் மணியின் முகத்தைப் பார்த்தார், பிறகு எங்கள் முகங்களை. உள்ளங்கையை மெல்ல வண்டியின் தகரத்தில் வைத்தார். அது அதிர்வதைத் தொட்டுத் தெரிந்துகொண்டார். எஞ்சினை நிறுத்திவிட்டு அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"எப்பயிருந்துங்க?" என்று டீச்சர் அவர் எதிரில் போய் நின்று கேட்டார்.

"இடது காது போயி ரொம்ப நாளாச்சுங்க டீச்சர். வலது காது இந்தக் கோடையில. மொதல்ல எஞ்சின் சத்தம்தான் போச்சு. வண்டி நல்லா ஆயிருச்சுன்னு சந்தோசப்பட்டேனுங்க."

மணி கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

காது டாக்டரைப் பார்த்திருக்கிறார். மிஷினும் வாங்கியிருக்கிறார். அது வீட்டு பீரோவில் இருந்தது. மாட்டிக்கொண்டு வந்தால் நாங்கள் பயந்து வேறு வண்டி பார்த்துக்கொள்வோம் என்று நினைத்தாராம். அதற்குப் பதிலாகத்தான் பக்கவாட்டுக் கண்ணாடிகளைப் பெரிதாக மாற்றியதும், ஆயில் மீட்டர் வாங்கியதும்.

டீச்சருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். "மிஷின் இல்லாம நீங்க ஓட்டறதுதானுங்க எங்களுக்குப் பயம். பின்னால லாரிக்காரன் ஹாரன் அடிச்சா இந்த முள்ளா வந்து சொல்லும்? நாளைக்குக் காதுல மிஷினோட வாங்க, நாங்க வாரோம். இல்லைன்னா ஒருத்தரும் ஏற மாட்டோம்."

திங்கட்கிழமை காலை ராசிபுரத்தில் வேன் வந்து நின்றபோது, எல்லோரும் கண்ணாடி வழியாக முதலில் பார்த்தது அவர் காதைத்தான். மிஷின் இருந்தது. அதை மறைக்க, வைகாசி வெயிலில், தலையோடு ஒரு மப்ளர் கட்டியிருந்தார். "பனிங்களா அண்ணா?" என்றார் கேஷியர். அண்ணனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. மப்ளர் அன்றைக்குச் சாயங்காலமே காணாமல் போனது.

ஆனால் மிஷின் எஞ்சினைத் திருப்பிக் கொண்டுவரவில்லை. ஹாரன் கேட்டது. கேஷியர் முறுக்குக் கடிப்பது இடி இடிப்பதுபோலக் கேட்டது. கடைசி சீட்டில் அவரைப்பற்றிக் கிசுகிசுப்பதுகூடக் கேட்டு, "நான் மொரட்டு ஆளெல்லாம் இல்லீங்க" என்று முன்னாலிருந்து பதில் வந்தது. எஞ்சின் மட்டும் தகரத்தைச் சுரண்டுவதுபோல ஒரே இரைச்சலாக இருக்கிறதாம். அதனால் அவருக்கு மீட்டர்தான் கதி. சிக்னலில் நிற்கும்போதெல்லாம் முள் இறங்கும். அவர் முகமும் கூடவே இறங்கும். "சூடானா, மெதுவா ஓடுனா கொஞ்சம் எறங்கத்தானுங்க செய்யும்" என்று மணி சொல்லிச் சொல்லித் தேற்ற வேண்டியிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, மல்லூர் தாண்டியதும், அண்ணன் சட்டென்று வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தினார். "முள்ளு உளுந்துருச்சுங்க!" சிவப்பு விளக்கு எரியக்கூட இல்லை. அதேநேரம் முன்சீட்டிலிருந்து கேஷியர் அலறினார். சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்காகக் கட்டியிருந்த புது வெள்ளை வேட்டி, முழங்காலுக்குக் கீழே கறுப்பு வேட்டியாகியிருந்தது. சூடான எண்ணெய்.

மணி பைக்கில் வந்து பார்த்தார். செம்புக்குழாய் தகரத்தில் உரசி உரசி விரிசல் விட்டிருந்தது. அதன் வழியாகத்தான் எண்ணெய் பீய்ச்சியிருக்கிறது. எஞ்சினுக்கு ஒன்றுமில்லை. "நாந்தானுங்க துளையில ரப்பர் வெக்காம உட்டுட்டேன். குழாயையும் சுருட்டி உட்டிருக்கோணும், அதிர்வைத் தாங்கியிருக்கும்" என்று தலையைச் சொறிந்தார்.

கேஷியர் வேட்டியைப் பிழிந்துகொண்டே கொதித்தார். "ஏனுங்க அண்ணா, இந்த மீட்டரு மாட்டாம இருந்தா இந்த ஓட்டையே இல்லையே! கெடுத்ததும் அதுதான், கண்டுபுடிச்சதும் அதுதான். இதுக்கு எதுக்குங்க ஒரு மீட்டரு?"

கேஷியர் சொன்னதில் தப்பில்லை. அண்ணனும் அதை மறுக்கவில்லை. குழாயைத் துணியால் துடைத்தபடி சொன்னார்.

"வாஸ்தவந்தானுங்க சாமி. ஆனா பாருங்க, இது கெட்டுப்போறப்ப எங்கிட்டச் சொல்லிட்டுக் கெட்டுப்போச்சு. என்ற காது சொல்லாமயே போயிருச்சுங்க."

கேஷியர் வேட்டியைப் பிழிவதை நிறுத்தினார். பிறகு போய், மணியின் பையிலிருந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தார். ஆண்டுக் கூட்டத்துக்கு அவர் மணியின் லுங்கியில் போனதாகக் கேள்வி.

புதுக் குழாய் வந்தது, ரப்பரோடும் சுருளோடும். வேட்டி சேதத்துக்குப் பிறகு முன்சீட்டில் உட்கார ஆள் கிடைக்காததால் அந்த இடம் எனக்கு வந்தது. உட்கார்ந்த முதல் நாளே அண்ணன் கேட்டார், "அம்மிணி, இன்னைக்கு எஞ்சின் சத்தம் எப்படி இருக்குதுங்க?"

"நல்லா இருக்குதுங்க அண்ணா."

"நல்லான்னா எப்படிங்க? மழை பேயறாப்புலயா, மாவு அரைக்கறாப்புலயா?"

எனக்கு மிக்ஸிக்கும் எஞ்சினுக்குமே வித்தியாசம் தெரியாது. அன்றைக்கு ஏதோ உளறினேன். அப்புறம் கேட்கப் பழகினேன். தறி ஓடுகிற மாதிரி, தகரக் கூரையில் புளியங்காய் விழுகிற மாதிரி என்று ஒவ்வொன்றாகச் சொல்வேன். அவர் முள்ளைப் பார்த்துக்கொண்டே தலையாட்டுவார். சில நாள் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். அன்றைக்கு நான் சரியாகச் சொல்லிவிட்டேன் என்று அர்த்தம்.

இப்போது எங்கள் தெருமுனையிலிருந்தே சேலத்துக்கு ஒரு பஸ் விட்டிருக்கிறார்கள். உட்கார இடம் கிடைக்கிறது, வேனைவிட முன்னதாகவும் போய்ச் சேருகிறது. காலையில் அது என் கண்ணெதிரே வந்து நின்று, ஆள் ஏற்றிக்கொண்டு போகிறது. நான் ஏறுவதில்லை. அவரிடம் யாராவது சத்தம் சொல்ல வேண்டுமே.