ஒழுகும் கூரையும் காபன் குழாயும்

நாளைய மனிதர் என்று ஓர் இனம் உண்டு. இன்றைய ஓட்டையை இன்றைய சீமெந்தால் அடைக்க இவர்களுக்கு மனம் வராது. வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் செயலாளர் கிருபாகரன் அதில் அசல் வித்து. இரசாயனவியல் டியூஷன் கொடுத்து ஓய்வுபெற்றவர். ஓய்வு வகுப்புக்குத்தான், வாய்க்கு அல்ல.

மேல்மாடியில் தையல்வேலை செய்யும் பிறிஜெற்றின் கூரை ஒழுகத் தொடங்கியது, அதுவும் தையல் மெஷினுக்கு நேர் மேலே. மேசன் பாஸ் வந்து பார்த்து, சீமெந்து வைத்துத் தார் பூச இரண்டு நாள் வேலை என்றார். விடுவாரா கிருபாகரன்? கூட்டம் கூட்டினார். காபன் நனோ குழாய் தலைமயிரைவிடப் பல்லாயிரம் மடங்கு மெல்லியது, ஆனால் உருக்கைவிட உரம், சும்மா விட்டால் புட்டுமா போலக் கட்டிபடும், மேலே வேறு அணுக்கூட்டங்களை ஒட்டிவிட்டாலோ பெயின்றிலும் பிளாஸ்ரிக்கிலும் நன்றாகக் கலக்கும், சைக்கிள் சட்டத்துக்கு வந்துவிட்டது, பற்றரிக்கு வந்துவிட்டது, கூரைப் பூச்சுக்கு வர எவ்வளவு நேரம் என்று ஒரு மணித்தியாலம் முழங்கினார்.

"எப்ப சேர் வரும்?" என்றார் பிறிஜெற்.

"வெளிநாட்டுக் கொம்பனிக்கு ஈமெயில் போட்டிருக்கிறன், தங்கச்சி. அவசரப்பட்டுத் தார் பூசினா பிறகு இது ஒட்டாது."

எல்லோரும் கைதட்டினார்கள். மேசன் பாஸ் திருப்பி அனுப்பப்பட்டார்.

பதில் ஒரே கிழமையில் வந்தது. கூரைப் பூச்சு தங்களிடம் இல்லை, ஆய்வுகூடங்களுக்குக் கிராம் கணக்கில் மட்டுமே விற்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் லிஃப்ற்றில் காண்கிறவர்கள் எல்லாம் "குழாய் எந்தளவில சேர்?" என்று மரியாதையாக விசாரிக்கும் சுகம் இருக்கிறதே, அதை யார் விடுவார்?

ஐப்பசி மழை பிடித்தது. மூன்றாம் நாள் காலை பிறிஜெற் படியிறங்கி வந்து, கரும்பழுப்புக் கறை படிந்த ஒரு மணப்பெண்ணின் கலியாணச் சட்டையைச் செயலாளரின் மேசையில் விரித்தார்.

"பொம்பிளையின்ட தாய் பின்னேரம் வாறா, சேர். இந்தக் கறையை உங்கட குழாய் எடுக்குமோ?"

கிருபாகரனுக்கு வெட்கத்தில் காது சுட்டது.

யாருக்கும் காட்டாமல் இன்பொக்ஸில் கிடந்த ஈமெயில் எனக்கெப்படித் தெரியும் என்று கேட்கிறீர்களா? கிருபாகரன் என்பது நான்தான். சிரியுங்கள், பரவாயில்லை. சிரித்து முடிந்ததும் உங்கள் வீட்டில் எது ஒழுகுகிறது, அதன் கீழ் யாரை இருத்திவிட்டு நீங்கள் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள் என்று ஒருதரம் பார்த்துவிடுங்கள்.