பின்பக்கம் திறந்த பெட்டி

காதலில் சொல்கிற பொய் சின்னதாக இருக்க வேண்டும். என்னுடையதில் ஆறு கம்பிகள் இருந்தன.

ஐதராபாத்தில் மென்பொருள் கம்பெனிகள் ஆள் பிடித்துக்கொண்டிருந்த காலம். பாளையங்கோட்டையிலிருந்து வந்து அல்வாலில் அறை எடுத்திருந்தேன். உடன் வேலை பார்த்த பியூலாவிடம், "எலெக்ட்ரிக் கிட்டார் வாசிப்பேன்" என்று சொல்லிவைத்தேன். (வாசிப்பேன்தான். விரல் வைக்க நாலு கார்டு தெரியும். அதில் ஒன்று சந்தேகம்.) அவளுடைய அப்பா தேவசகாயம் அங்கிள், திருமுல்கேரியில் தலைமுறைகளாக இருக்கும் தமிழ்க் குடும்பத்துக்காரர். சர்ச் கொயரின், அதாவது பாடகர் குழுவின், தலைவர்.

பெண் கேட்கப் போனேன்.

"கல்யாணப் பேச்சு இருக்கட்டும் தம்பி. வர்ற சண்டே கொயரோட கிட்டார் வாசிங்க. கேட்டுட்டுப் பேசுவோம்" என்றார்.

கிட்டார் இருந்தது. ஆம்ப்ளிஃபயர் நண்பனிடம் இரவல். அதில் மாட்டும் ஸ்பீக்கர் பெட்டிதான் இல்லை. இங்கேதான் என் மூளை வேலை செய்தது. பிழைகளை வாடிக்கையாளர் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்வதே என் தொழில். பெட்டி சின்னதென்றால் சத்தம் சின்னது. சத்தம் சின்னதென்றால் தப்பும் சின்னது. மிச்சத்தைச் சர்ச்சில் வாசிக்கும் கீபோர்டு மூடிவிடும்!

சிகந்தராபாத் கடைக்காரர், "இத்தா சோட்டா கைக்கு, சாப்?" என்று, இவ்வளவு சின்னது எதற்கு என்பது போல, பெரியதைக் காட்டினார்.

"நக்கோ" என்றேன். (வேண்டாம். எனக்குத் தெரிந்த ஒரே உள்ளூர்ச் சொல்.)

இருப்பதிலேயே சின்னதை எடுத்து வைத்தார். பின்னால் பலகையே இல்லை. ஸ்பீக்கரின் முதுகும் ஒயரும் தெரிந்தன. "பீச்சே குலா ஹை" என்றார். பின்பக்கம் திறந்திருக்கிறதாம். நல்லதுதான், கனம் குறைவு, ஸ்கூட்டரில் காலடியில் நிற்கும், காற்றோட்டம் வேறு. வாங்கிவிட்டேன். திறந்த பக்கமாகவும் சத்தம் போகுமே என்று யோசிக்க நான் படித்த பொறியியல் போதவில்லை.

ஞாயிறு வந்தது. பெட்டியை ஸ்டூலில் ஏற்றி, சபையைப் பார்த்து வைத்தேன். பின்னால் கையெட்டும் தூரத்தில் கொயர். பெட்டியின் திறந்த முதுகு நேராக அங்கிளின் நெஞ்சைப் பார்த்தது.

முதல் சரணம் தப்பித்தது. இரண்டாவதில் அந்தச் சந்தேக கார்டு வந்தது. கீபோர்டு சத்தம் சபைப் பக்கம் போய்க்கொண்டிருக்க, கொயருக்குக் கேட்டதெல்லாம் நான் மட்டும்தான். என்னை நம்பி முதலில் ஆண்கள் சுருதி இறங்கினார்கள், பிறகு பெண்கள். அங்கிள் மட்டும் சரியான சுருதியில், கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவர் மாதிரி தனியாக நின்றார். பியூலா பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டாள். அப்படியே ஸ்டேஷனுக்குப் போய் ஊருக்கு ரயிலேறிவிடலாமா என்றிருந்தது. பாட்டில் இன்னும் மூன்று சரணம் இருந்தது.

வாசலில் அங்கிள் என் தோளைப் பிடித்தார். "தம்பி, எனக்கு எல்லாமே கேட்டுது."

போச்சு, பியூலா போனாள் என்று தலை குனிந்தேன். அப்போது சபையின் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஆன்ட்டி, பியூலாவின் அம்மா, வந்தார்.

"இன்னைக்குக் கொயர்தான் சொதப்பிட்டாங்க. தம்பி பாவம், வாசிக்கிறதே தெரியாம எவ்வளவு அடக்கமா வாசிச்சுது! பியூலாவுக்கு இப்படிப்பட்ட பையன்தான் வேணும்."

அங்கிள் வாயைத் திறந்தார்.

"நீங்க பேசாதீங்க. உங்க கொயர் லட்சணத்தத்தான் சபையே பார்த்துச்சே."

கல்யாணம் நடந்தது. அங்கிள் இன்றுவரை என்னிடம் பாட்டைப் பற்றிப் பேசுவதில்லை. பெட்டி எங்கள் சமையலறையில் இருக்கிறது. பின்பக்கம் திறந்திருப்பதால் வெங்காயம் எடுக்க வசதி.

போன வாரம் அதன் முன்னால் குந்தி, "உங்கப்பாவுக்குக் காது மட்டும் இன்னும் அப்படியே இருக்கு, என்ன பண்றது" என்று பியூலாவிடம் முணுமுணுத்தேன். ஹாலிலிருந்து என் மகன், உள்ளூர்ப் பள்ளியில் படித்த பிள்ளை, சாவகாசமாகக் குரல் கொடுத்தான்:

"டாடி, பீச்சே குலா ஹை."

திரும்பிப் பார்த்தேன். மாமனார் காபி டம்ளரோடு நின்றிருந்தார்.

"எல்லாமே கேட்டுது தம்பி" என்றார்.